பழைய 8085 கிட் வாங்கினேன், மூளையில் ஒன்றுமில்லை

சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் 8085 மைக்ரோபிராசசர் பயிற்சி கிட் ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். கல்லூரி லேபில் நாலு பேருக்கு ஒரு கிட் என்று முட்டி மோதியவனுக்கு, சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற ஆசை இத்தனை வருடமாகியும் விடவில்லை.

போர்டு சுத்தம். கீபேட் பரவாயில்லை, ரீசெட்டை மட்டும் கொஞ்சம் அழுத்திக் குத்த வேண்டும். ஆனால் ஆன் செய்தால் டிஸ்ப்ளேயின் ஆறு கட்டத்திலும் அரைகுறைக் கோடுகள், எந்தக் கீயைத் தட்டினாலும் அப்படியே. கடைக்கு போன் செய்தால் "இங்க ஓடுச்சே சார்" என்கிறார்கள். சரி என்று போர்டை உற்றுப் பார்த்தால், புரோகிராமைச் சேமித்து வைக்கும் ஈபிராம் சில்லின் கண்ணாடி ஜன்னலை மூடும் ஸ்டிக்கரையே காணோம். புற ஊதா வெளிச்சம் பட்டால் அழிகிற சில்லு அது. ஈபிராமைப் படித்து எழுதும் புரோகிராமர் கருவியில் வைத்துப் படித்தேன், 8 கிலோபைட்டும் எஃப்எஃப் (FF), அதாவது அழிந்துபோய் வெறுமை.

ரீசெட் ஆனதும் 8085க்குத் தெரிந்தது ஒன்றுதான்: 0000 முகவரியில் இருப்பதை எடுத்துச் செய்வது. கரண்ட் வந்த நொடியில் தற்காலிக நினைவகமான ராமில் வெறும் குப்பைதான் இருக்கும், அதனால் அங்கே கரண்ட் போனாலும் மறக்காத ரோம் இருந்தே ஆக வேண்டும்; இந்தக் கிட்டில் அது அந்த ஈபிராம்தான். அதிலிருக்கும் மானிட்டர் புரோகிராம்தான் ஸ்டாக் (திரும்பி வரவேண்டிய முகவரிகளை ராமில் அடுக்கும் இடம்) எங்கே என்று சொல்லும் ஸ்டாக் பாயிண்டரை வைத்து, கீபேடையும் டிஸ்ப்ளேயையும் கவனிக்கும் 8279 சில்லைத் தயார் செய்து, டிஸ்ப்ளேயில் எழுத்தைக் காட்டி, நாம் தட்டும் கீக்காகக் காத்திருக்கிறது. லேபில் நாங்கள் 8 பிட் கூட்டல் போட்டபோது, அந்த எண்களை வாங்கி ராமில் வைத்ததே இன்னொரு புரோகிராம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதில் வேடிக்கை, எஃப்எஃப் என்பது 8085க்கு ஆர்எஸ்டி 7, அதாவது 0038க்குத் தாவு என்ற கட்டளை. அங்கே போனால் அதிலும் எஃப்எஃப், மறுபடி 0038. ஒவ்வொரு தாவலுக்கும் திரும்பி வரவேண்டிய முகவரியை 2 பைட்டாக ஸ்டாக்கில் தள்ளித் தள்ளி ராமையும் நிரப்பிவிடும். என் கிட் சாகவில்லை, செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருந்தது!

நண்பனிடம் இதே மாடல் இருந்தது. அதன் ரோமிலிருந்து நகல் எடுத்து என் கிட்டின் அதே ஈபிராமில் (2764) எழுதினேன் (ஏற்கனவே அழிந்திருந்ததால் அழிக்கும் வேலை மிச்சம்), ஜன்னலில் கறுப்பு டேப் ஒட்டினேன். இப்போது முதல் அழுத்தலிலேயே எழுந்துவிடுகிறது.

கிட்டுக்கு ஐந்துக்கு நாலு, கடைக்கு ஒன்று. வாங்கப் போகிறவர்கள் கண்ணெதிரே ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள், ஸ்டிக்கர் இல்லையென்றால் நானூறாவது குறைத்துக் கேளுங்கள்.