மழைக்காட்டுப் பயணம்: நகர விடுதியா, காட்டு விடுதியா?

மழைக்காட்டைக் காணச் செல்பவர்கள் பெரும்பாலும் அறையின் படங்களைப் பார்த்தே விடுதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால், காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் எங்கே நிற்போம் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. வெப்பமண்டலக் காடுகளில் பறவைகளும் குரங்குகளும் விடிந்த முதல் இரண்டு மூன்று மணி நேரமும் வெயில் தாழ்ந்த பிறகுமே மிகுதியாக நடமாடும். உச்சிப்பொழுதில் காடு அடங்கிவிடும். நகரத்தில் தங்கி, காலை உணவை முடித்துக்கொண்டு எட்டு மணிக்குப் படகேறுபவர், காடு அடங்கும் நேரத்தில்தான் அங்கு போய்ச் சேருகிறார்.

இதனால் நகர விடுதியை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. அமேசானுக்குள் நுழையும் வாயில்களில் பிரேசிலின் மனௌஸ் ஏறத்தாழ இருபது இலட்சம் மக்கள் வாழும் பெருநகரம். பெருவின் இக்கிட்டோசுக்குச் சாலையே இல்லை, விமானத்திலோ ஆற்று வழியாகவோதான் செல்ல முடியும். விமானம் தாமதமானால் காட்டு விடுதியின் படகு காத்திருக்காது என்பதால், போகும்போது ஓர் இரவும் திரும்பும்போது ஓர் இரவும் இத்தகைய நகரங்களில் தங்குவது விவேகமே. இதய நோயுள்ளவர்களும் கைக்குழந்தையுடன் செல்பவர்களும் மருத்துவமனைக்கு அருகில் தங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆழ்ந்த காட்டிலிருந்து நள்ளிரவில் நோயாளியை அழைத்துவருவது எளிதான செயலன்று. காட்டின் ஓரத்தில் நீச்சல்குளத்துடன் அமைந்த பெரிய ஓய்வு விடுதிகள் நகர விடுதிக்கும் காட்டு விடுதிக்கும் இடைப்பட்டவை. ஓய்வெடுக்க அவை நல்ல இடங்கள். காட்டைக் காண அவ்வளவாக உதவா. குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் அதன் கண்ணாடியில் நீராவி படிந்து சற்று நேரம் எதையும் படமெடுக்க முடியாமல் போவதை, அங்கு தங்குபவர்கள் முதல் நாளிலேயே உணர்ந்துவிடுவார்கள்.

காட்டு விடுதிகளுக்குள்ளேயும் வேறுபாடு பெரிது. மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள இரண்டு இடங்களை ஒப்பிட்டால் இது விளங்கும். கினாபத்தாங்கான் ஆற்றங்கரையில், சுக்காவ் கிராமத்தைச் சுற்றி, பல விலைகளில் விடுதிகள் உள்ளன. படகில் அமர்ந்தபடியே நீள்மூக்குக் குரங்குகளையும் இருவாச்சிகளையும் காணலாம்; வாய்ப்பிருந்தால் ஓராங்குட்டானும் யானையும் தென்படும். ஆனால் இவ்வளவு எளிதாகக் காண முடிவதற்கு மகிழ்ச்சியற்ற காரணம் ஒன்றும் உண்டு: இருபுறமும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் பரவிவிட்டதால், எஞ்சிய காட்டுப்பட்டையில் விலங்குகள் நெருங்கி வாழ்கின்றன. ‘தானும்’ என்ற பெயருடைய பள்ளத்தாக்கோ 438 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, பெரும்பாலும் கோடரி படாத காடு. அங்கே தங்குமிடங்கள் மிகக் குறைவு, செலவு அதிகம், தரையட்டைகளுக்காகக் காலுறைக்கு மேல் இன்னோர் உறை அணிய வேண்டும். விலங்குகளோ பரந்த காட்டில் சிதறியிருக்கும். அதிக எண்ணிக்கையில் விலங்குகளைக் காண விரும்புவோருக்குக் கினாபத்தாங்கான் ஆறு ஏற்றது; வெட்டப்படாத மழைக்காடு எப்படியிருக்கும் என்று அறிய விரும்புவோருக்குத் தானும் பள்ளத்தாக்குத்தான் ஏற்றது. ஒன்றை மட்டுமே பார்க்க முடியும் என்றால், நான் தானும் பள்ளத்தாக்கையே தேர்ந்தெடுப்பேன்.

அமேசானில் ஆற்றின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். அமேசானின் துணையாறான ரியோ நீக்ரோவின் கருநீர் அமிலத்தன்மை மிக்கது என்பதால், அதன் கரையிலுள்ள விடுதிகளில் கொசுத் தொல்லை குறைவு. வண்டல் சுமந்துவரும் கலங்கல் நீரின் கரைகளில் கொசுக்கள் மிகுதி, ஆயினும் உயிர்வளமும் மிகுதி. பிரேசிலின் மாமிரௌவா காப்பகத்தில் நீர்மட்டம் ஓராண்டுக்குள்ளேயே 10 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குவதால், அங்குள்ள விடுதி நீரில் மிதக்கிறது.

அடுத்தது, விடுதி யாருடையது என்பது. பெருவின் தம்போபாத்தா ஆற்றுப் பகுதியில் உள்ள போசாடா அமசோனாஸ் விடுதி, இன்பியர்னோ என்ற ஊர்ச் சமூகமும் ஒரு தனியார் நிறுவனமும் 1996இல் செய்துகொண்ட இருபதாண்டு ஒப்பந்தத்தின்படி எழுந்தது. அந்த ஒப்பந்தத்தில் இலாபத்தின் 60 விழுக்காடு ஊருக்கு, 40 விழுக்காடு நிறுவனத்துக்கு என்று முடிவானது. அதன் அறைகளில் காட்டை நோக்கிய பக்கத்தில் சுவரே இல்லை. கட்டிலுக்குக் கொசுவலை மட்டும்தான் காவல். அதே ஆற்றில் படகிலேயே பல மணி நேரம் மேலே சென்றால் வரும் விடுதிகளில் வனவிலங்குகளைக் காணும் வாய்ப்பு கூடும். ஆனால் போக வர இரண்டு பகற்பொழுதுகள் கழிந்துவிடும். மூன்றே நாள் உள்ளவருக்கு அது பொருந்தாது.

‘சூழல் விடுதி’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். கோஸ்டா ரிக்கா 1997 முதல் அரசுச் சான்றிதழ் முறை ஒன்றை நடத்திவருகிறது. எல்லா நாடுகளிலும் அத்தகைய ஏற்பாடு இல்லை. எனவே முன்பதிவுக்கு முன் கழிவுநீர் எங்கே போகிறது, மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்தா டீசல் ஜெனரேட்டரிலிருந்தா வருகிறது, வழிகாட்டிகள் உள்ளூர்க்காரர்களா, விருந்தினர் தொட்டுப் படமெடுக்க விலங்குகளைக் கட்டிவைத்திருக்கிறார்களா என்று எழுதிக் கேட்பது நல்லது. கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் மற்றவற்றைக் கேட்கவே வேண்டாம்.

விலையை ஒப்பிடும்போது பலர் தவறு செய்கிறார்கள். நகர விடுதியின் ஓரிரவு வாடகையையும் காட்டு விடுதியின் ஓரிரவுக் கட்டணத்தையும் அருகருகே வைத்தால் பின்னது மலைப்பூட்டும். ஆனால் அதில் படகு, மூன்று வேளை உணவு, வழிகாட்டி, இரவு நடை ஆகியவை பெரும்பாலும் அடங்கிவிடும். நகரத்திலிருந்து அன்றாடம் படகும் வழிகாட்டியும் அமர்த்தும் செலவைக் கூட்டிப் பார்த்தால் இடைவெளி வெகுவாகக் குறையும். பணம் போதாவிட்டால் விலை குறைந்த காட்டு விடுதியை நாடலாம். இரவுகளை ஒன்றாகக் குறைப்பதில் பயனில்லை. பிற்பகலில் வந்து மறுநாள் காலையில் கிளம்புபவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு விடியல், அன்றும் மழை பெய்யக்கூடும்.