காளவாசல் வார இறுதி டெட் வகுப்பு: வேலையில் இருக்கும் ஆசிரியர்கள் சேரலாமா?

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து எங்கள் ஸ்டாஃப் ரூமில் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, தவிர வேறு பேச்சில்லை. ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும். ஐந்துக்குள் இருப்பவர்கள் வேலையில் தொடரலாம். பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் எழுதித்தான் ஆக வேண்டும். நான் முதல் ரகம். மதுரை காளவாசலில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். குறையும் சொல்லப் போவதால் வகுப்பின் பெயரைப் போடவில்லை.

முதலில் நிறை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்கான இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணில் உளவியலுக்கு 30. எடுப்பவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பி.எட். படிக்கும்போது, தெரிந்தவர் துணையோடு பிள்ளை கற்கும் என்று சொன்ன உளவியலாளர் வைகாட்ஸ்கியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. இவரோ, "மேப் பார்க்கத் தெரியாத பையன் பக்கத்துல யாரை உட்கார வைக்கிறீங்க டீச்சர்?" என்று கேட்டு அங்கிருந்து ஆரம்பித்தார். திங்கட்கிழமையே ஒன்பதாம் வகுப்பில் செய்து பார்த்தேன். வைகையைக் குறிக்கச் சொன்னால் கேரளாவுக்குள் கோடு போடும் பையனை, அட்லஸும் கையுமாகத் திரியும் இன்னொருவன் பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் சொல்லி ஏறாதது அவன் சொல்லி ஏறியது. இந்த ஒரு வகுப்புக்கே கட்டணம் தகும்.

ஆங்கிலம் பரவாயில்லை. சமூக அறிவியலுக்குத்தான் 60 மதிப்பெண், அதில்தான் ஏமாற்றம். ஒருவரிக் கேள்விகளை அடித்துக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். ஆறு முதல் எட்டு வரையுள்ள பாடப்புத்தகங்களை வீட்டில் படித்தாலே போதும்.

பெரிய குறை, நேரம். சனிக்கிழமை பகல் வகுப்பு. பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸும் அன்றுதான். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் தேர்வு வேறு. பதவி உயர்வுப் பட்டியலான பேனலில் பெயர் வரும் என்றால் ஆசிரியர் உற்சாகமாக வேலை பார்ப்பார் என்பார்கள். நான் பார்த்த அளவில் அது பாதிதான் உண்மை. 2020இல் உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வை நிறுத்தியதும் எங்களில் பலர் மேற்படிப்பை மறந்தார்கள். இப்போது எல்லோரும் படிக்கிறோம், ஆனால் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு மேசைக்கடியில் கைடு புரட்டுகிறோம். முதுகலை ஆசிரியர் பணியிடங்களில் பாதி எங்களைப் போன்ற பட்டதாரி ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வாக வருகிறது, அதற்கு ஆசைப்படுவதில் தப்பில்லை. அதற்கு விலை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளா? இதை நிர்வாகியிடம் கேட்டேன். "டெஸ்ட் அட்டெண்ட் பண்ணுங்க மேடம், அது போதும்" என்றார்.

சேர்வதானால் ஞாயிறு பேட்ச் கேளுங்கள், பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் திறக்கிறார்கள். கட்டணம் 8,000 ரூபாய், இரண்டு தவணையில் கட்டலாம். உளவியலுக்கு மட்டும் தனியாகச் சேர்க்க மாட்டார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன். உசிலம்பட்டி பஸ்ஸில் காளவாசலிலேயே இறங்கிக்கொள்ளுங்கள், ஆரப்பாளையம் வரை போக வேண்டாம். மாடிப்படி செங்குத்து, மூட்டுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளவும்.