நாட்ஸ் தளத்தில் ஃப்ரெஷர் எஞ்சினியர் எடுக்கலாமா?

வருடத்துக்கு ஐந்தாறு எஞ்சினியர்கள் மட்டும் தேவைப்படும் தொழிற்சாலைக்கு எந்தக் கல்லூரியும் கேம்பஸ் இன்டர்வியூவின் முதல் நாளைத் தராது. ஐ.டி. கம்பெனிகள் வந்துபோன பிறகு மிஞ்சிய தேதிதான் கிடைக்கும். வேலைவாய்ப்புத் தளத்தில் விளம்பரம் போட்டாலோ, மெக்கானிக்கல் என்று கேட்ட இடத்துக்கு எல்லாப் பிரிவிலிருந்தும் ரெஸ்யூமே குவியும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வழிதான் மத்திய கல்வி அமைச்சகத்தின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) திட்டமான நாட்ஸ். தென்மாநிலங்களுக்கு இதைக் கவனிப்பது சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். 2024 ஜூலையில் தளத்தைப் புதுப்பித்து நாட்ஸ் 2.0 ஆக்கினார்கள். பம்ப், வால்வு, வார்ப்படம், பேனல் போர்டு செய்கிறவர்களுக்கு இந்த வழி எவ்வளவு பயன்படும் என்றால், 5க்கு 4 மதிப்பெண் கொடுக்கலாம். அடுத்த மாதமே புரோகிராம் எழுத ஆள் வேண்டும் என்கிற மென்பொருள் நிறுவனத்துக்கு 2 போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கானது நாப்ஸ், அதன் தளம் வேறு, விதிகளும் வேறு. பட்டதாரிக்கும் டிப்ளமோவுக்கும் நாட்ஸ். மாற்றிப் பதிந்துவிட்டு, ஆள் தேர்வான பிறகு விழித்துக்கொள்ளும் ஹெச்.ஆர்.கள் நிறையப் பேர்.

2019 விதித் திருத்தத்தின்படி, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர்களை எடுத்தே ஆகவேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள இடங்களுக்கு இது விருப்பம். 60 பேர் உள்ள பட்டறை என்றால் குறைந்தது 2 பேர், அதிகபட்சம் 9 பேர். அதே திருத்தம் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச ஸ்டைபெண்டை (பயிற்சிக்கால உதவித்தொகையை) மாதம் 9,000 ரூபாய் என்றும் டிப்ளமோவுக்கு 8,000 என்றும் வைத்தது. இந்தக் குறைந்தபட்சத்தில் பாதி அரசின் பங்கு. 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் மன்றம் 36 சதவீத உயர்வுக்குப் பரிந்துரைத்தது. ஆகவே ஒப்பந்தம் போடும் நாளில் நடப்பிலுள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. அதற்காக விபத்து நடந்தால் பொறுப்பில்லை என்று நினைக்கவேண்டாம். இழப்பீட்டுச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும்.

அரசின் பங்கு பையனின் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கே போய்விடுகிறது. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். ஆதாரில் இனிஷியல் பின்னால், மார்க் ஷீட்டில் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்றும் மூன்று விதமாக இருக்கும். கணக்கில் ஆதார் பதிந்திருந்தால் மட்டும் போதாது. நேரடிப் பணப்பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்குதான் இணைந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பள்ளி உதவித்தொகைக்காகத் திறந்து மறந்துபோன கணக்குக்குப் பணம் போய்விட்டால், "கம்பெனி பாதிச் சம்பளம்தான் தருகிறது" என்று ஊரில் பேச்சாகிவிடும். சேருவதற்கு முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள். உங்கள் பங்கை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கொடுத்தாகவேண்டும்.

நாட்ஸ் தளத்தின் தேடலில் பிரிவு, மாவட்டம் வைத்து வடிகட்டலாம். ஆனால் தளம் ஆட்களைக் காட்டுமே தவிர, தேறுவாரா என்று சொல்லாது. ஏற்கெனவே வேறு இடத்தில் தொழிற்பழகுநராக இருந்தவர் தகுதி இழந்துவிடுவார். நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாக இருக்கட்டும். அடுத்தது, கையில் ஆஃபர் லெட்டர் ஏதும் இருக்கிறதா என்பது. ஜாயினிங் தேதி தள்ளிப்போன ஐ.டி. ஆஃபர்காரர்களுக்கு இது பேருந்து வரும்வரை நிற்கும் நிழற்குடை. அழைப்பு வந்த அன்றே கிளம்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆப்டிட்யூட் தேர்வு வைத்து நேரத்தை வீணாக்கவேண்டாம். மெக்கானிக்கல் பையனிடம் 25 எச்7/ஜி6 (25 மி.மீ. துளையும் அதில் பொருந்தும் தண்டும்) என்று போட்ட ஒரு டிராயிங்கைக் கொடுங்கள், கூடவே அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று சொல்லும் டாலரன்ஸ் அட்டவணையையும். துளை +21 முதல் 0 மைக்ரான், தண்டு -7 முதல் -20. இடைவெளி குறைந்தது 7, அதிகபட்சம் 41 என்று கணக்குப் போட்டுச் சொல்பவரைத் தனியே உட்காரவையுங்கள். அட்டவணையை மனப்பாடம் செய்திருக்கவேண்டியதில்லை, பார்க்கத் தெரிந்தால் போதும். பிறகு 0.02 மி.மீ. வெர்னியரைக் கையில் கொடுத்து ஒரு ஷாஃப்டை அளக்கச் சொல்லுங்கள். தாடையைப் பிடிக்கும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். எலக்ட்ரிக்கல் என்றால், மோட்டாரை நேரடியாக மின் இணைப்பில் ஓடவிடும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரின் கண்ட்ரோல் சர்க்யூட்டை வரையச் சொல்லுங்கள். ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக ஹோல்டிங் காண்டாக்ட் போடாதவர் வரைந்த மோட்டார், பட்டனிலிருந்து கையை எடுத்ததும் நின்றுவிடும். ஏன் என்று கேட்டதும் தானே கண்டுபிடித்துத் திருத்தினால் அவரையும் எடுக்கலாம். 85 சதவீத மார்க் ஷீட்டைவிட இந்த அரைமணி நேரம் அதிகம் சொல்லும்.

தேர்வான பின் ஒப்பந்த விவரத்தை ஏழு நாளுக்குள் தளத்தில் ஏற்றவேண்டும். பாதியில் ஒருவர் நின்றுவிட்டால் அதையும் உடனே பதியுங்கள். பதியாமல் விட்டால் அவர் பெயர் உங்கள் கணக்கிலேயே தொங்கும். உங்கள் தவறால் ஒப்பந்தம் முறிந்தால் மூன்று மாத ஸ்டைபெண்ட் இழப்பீடாகத் தரவேண்டிவரும். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டிவைக்கும் பழக்கத்தை இத்துடன் விட்டுவிடுங்கள். பயந்து உட்கார்ந்திருக்கும் எஞ்சினியரால் என்ன பயன்?

முதல் இரண்டு மாதத்தில் ஆட்கள் போவதற்கு வாடகைதான் பெரிய காரணம். ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ குறைந்தபட்ச ஸ்டைபெண்டில் ஹாஸ்டலும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் பட்டதாரிகளுக்கு இதைவிட அதிகம் தருகின்றன. நல்ல பையன்கள் முதலில் அங்கேதான் விண்ணப்பிப்பார்கள். கூடுதலாக 3,000 ரூபாய் தர முடியாவிட்டால் தங்குமிடமும் கேன்டீனும் கொடுங்கள், அல்லது தினம் வீட்டிலிருந்து வந்துபோகும் தூரத்தில் இருப்பவர்களாகப் பார்த்து எடுங்கள். மாவட்ட வடிகட்டி இருப்பதே அதற்குத்தான்.

அண்ணா பல்கலைக்கழக இறுதி செமஸ்டர் ரிசல்ட் வரும் சமயத்தில் உங்கள் அறிவிப்பு தளத்தில் இருக்கவேண்டும். நிறுவனப் பதிவுக்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதால், அந்த வேலையை ஏப்ரலிலேயே முடித்துவையுங்கள்.