சாய்ந்த கப்பலின் படம்: நியாயமான பயன்பாடா, கடற்படைப் படமா, காசு கொடுத்து வாங்கும் உரிமமா?

1942 பிப்ரவரி 9 அன்று பிற்பகல், நியூயார்க் துறைமுகத்தின் 88ஆம் துறைமேடையில் நார்மண்டி கப்பல் தீப்பிடித்தது. பிரான்ஸ் பெருமையோடு கட்டிய அந்தப் பயணிகள் கப்பலை அமெரிக்கா கையகப்படுத்தி, லஃபாயெத் என்று பெயர் மாற்றி, படைவீரர்களை ஏற்றிச் செல்வதற்காகத் திருத்தி அமைத்துக்கொண்டிருந்த நேரம் அது. இரும்பு அறுத்த கருவியிலிருந்து தெறித்த பொறி, இலவம்பஞ்சு அடைத்த உயிர்காப்பு அங்கிகளின் குவியலில் விழுந்தது. தீயை அணைக்கக் கொட்டிய தண்ணீரின் கனமே கப்பலைச் சாய்த்தது. மறுநாள் விடிவதற்குள், 300 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்தக் கப்பல் ஹட்சன் ஆற்றில் பக்கவாட்டில் படுத்துவிட்டது.

மன்ஹாட்டன் கரையிலேயே நடந்ததால் படங்களுக்குக் குறைவில்லை. கடற்படையினரும் பத்திரிகைக்காரர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் எடுத்தார்கள். இன்று நார்மண்டியைப் பற்றி எழுதுகிறவர் இவற்றில் எதை எடுத்துப் போடுவது? “பழைய படம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்” என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதிப்புரிமை, படத்தின் வயதை மட்டும் பார்ப்பதில்லை. யார் எடுத்தார், எப்போது வெளியானது, உரிமையைப் புதுப்பித்தார்களா என்று எல்லாவற்றையும் பார்க்கிறது.

கப்பலைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள் என்றால், என் முதல் தேர்வு கடற்படைப் படம். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஊழியர் பணியின் பகுதியாக எடுத்த படத்துக்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. சட்டத்தின் 105ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 80-ஜி என்ற வரிசையில் பெரும்பாலும் கடற்படைப் படங்கள்தாம். அனுமதியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கடற்படையின் சேகரிப்பில் இருப்பதெல்லாம் கடற்படை எடுத்ததாகாது. தனியார் நன்கொடையாகக் கொடுத்த படங்களும் அங்கே கலந்திருக்கின்றன. படக்குறிப்பைப் படிக்காமல் எடுக்காதீர்கள்.

பத்திரிகைப் படம் இன்னும் சிக்கலானது. 1942இல் அமெரிக்காவில் வெளியான படத்துக்கு முதலில் 28 ஆண்டுகள்தாம் உரிமை. அந்த 28ஆம் ஆண்டில் புதுப்பித்திருந்தால் அது 2037 முடியும்வரை நீளும். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் 1970இலேயே போய்விட்டது. இன்று எவரும் பயன்படுத்தலாம். தனிப் படமாகப் புதுப்பிக்காவிட்டாலும், இதழ் முழுவதற்கும் சேர்த்துப் புதுப்பித்த பத்திரிகைகளும் உண்டு. ஆகவே பதிப்புரிமை அலுவலகத்தின் பழைய பதிவேடுகளைப் புரட்டித்தான் ஆகவேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். இதைச் செய்யாமலேயே “நியாயமான பயன்பாடு” (உரிமையாளரின் அனுமதி இல்லாமலே ஓரளவு பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு) என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவது எனக்கு ஒப்பாத பழக்கம்.

நியாயமான பயன்பாடு யாரும் முன்கூட்டியே தருகிற அனுமதி அல்ல. வழக்கு வந்தால் நீங்கள் எடுத்துவைக்க வேண்டிய எதிர்வாதம். எதற்காகப் பயன்படுத்தினீர்கள், எத்தகைய படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், அதன் சந்தையை எவ்வளவு பாதித்தீர்கள் என்று 107ஆம் பிரிவு நான்கு கேள்விகளை முன்வைக்கிறது. இரண்டாவதில், செய்திப் படத்தை எடுத்துப் போடுகிறவருக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. மூன்றாவது இடிக்கும், சாய்ந்த கப்பலின் பாதியை வெட்டிப் போட முடியாதே. ஆனால் முடிவு பெரும்பாலும் முதல் கேள்வியிலும் நான்காவதிலும்தான் இருக்கிறது. 2006இல் ஓர் இசைக்குழுவின் வரலாற்று நூலில் ஏழு கச்சேரிச் சுவரொட்டி, நுழைவுச்சீட்டுப் படங்களைச் சிறிய அளவில், கால வரிசையில் அச்சிட்டதை நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 2023இல், ஓவியர் ஆண்டி வார்ஹோல் ஒரு புகைப்படத்திலிருந்து உருவாக்கிய படம் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிடியை இறுக்கியது: மூலப் படம் எதற்காக விற்கப்படுகிறதோ அதே வேலைக்கு நீங்களும் பயன்படுத்தினால், வாதம் பலவீனமாகிவிடும். கட்டுரைக்கு மேலே அலங்காரமாக ஒரு கப்பல் படம் வைப்பது, படங்களுக்கு உரிமம் விற்கும் படமுகமைகள் காசுக்குச் செய்துதரும் அதே வேலை. அந்தப் புகைப்படத்தையே அலசினால், அதாவது கேமரா எந்த உயரத்தில் இருந்தது, பனியும் புகையும் எதை மறைத்தன என்று எழுதினால், உங்கள் வாதம் வலுவாகிறது. அப்போது அந்தப் படம் இல்லாமல் எழுதவே முடியாது.

இந்த நான்கு கேள்விகளையும் எல்லா நாட்டுக்கும் நீட்டவேண்டாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய இவற்றையே வைத்திருக்கிறது. இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவோ தனிப்பட்ட ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி என்று நோக்கங்களைப் பெயர் சொல்லி வரையறுக்கிறது. 1942இன் தீ இன்று நடப்புச் செய்தி ஆகாது.

உரிமம் வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புத்தக அட்டைக்குத் தெளிவான பெரிய பிரதி வேண்டுமென்றால் வாங்குங்கள், மனநிம்மதியும் கூடவே கிடைக்கும். ஆனால் ஒரு படமுகமை கட்டணம் கேட்கிறது என்பதற்காகவே உரிமை அதனிடம் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். தன் படங்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு வழங்கிவிட்ட புகைப்படக் கலைஞர் கேரல் ஹைஸ்மித்திடம், அவரே எடுத்த படத்துக்கு 120 டாலர் கேட்டு ஒரு படமுகமையின் சார்பில் கடிதம் வந்தது. அவர் 2016இல் வழக்குத் தொடர்ந்தார். உரிமையைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டதால் அவருடைய பதிப்புரிமைக் கோரிக்கை நிற்கவில்லை.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது, யாருடைய பழைய ஆல்பத்திலோ ஒட்டியிருக்கும், எடுத்தவர் பெயர் தெரியாத, எங்குமே வெளியாகாத படம். பத்திரிகையில் லட்சம் பேர் பார்த்த படம் 1970இலேயே எல்லாருக்கும் உரியதாகியிருக்கலாம். இதுவோ எடுத்த நாளிலிருந்து 120 ஆண்டுகள், 2062 முடியும்வரை, அமெரிக்கச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது. வெளியாகாத படம் என்பதாலேயே நியாயமான பயன்பாடு அடைபட்டுவிடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இங்கேதான் நான் அந்த வாதத்தைத் தயங்காமல் எடுப்பேன். கெடுவதற்கு இதற்கென்று ஒரு சந்தை இல்லை. கடற்படைப் படம் காட்டாத கோணம் ஒன்று இதில் இருக்கக்கூடும். முதலில் ஆல்பத்துக்குரிய குடும்பத்தைத் தேடிக் கேட்பேன். கிடைக்காவிட்டால், படத்தைச் சிறிய அளவில், அதை விளக்கும் பத்தியின் பக்கத்திலேயே வெளியிடுவேன். எடுத்தவர் பெயர் தெரியவில்லை என்பதையும், ஆல்பம் எங்கிருந்து கிடைத்தது என்பதையும், என்னைத் தொடர்புகொள்ள ஒரு முகவரியையும் படத்துக்குக் கீழேயே அச்சிடுவேன்.