பழைய ஆபீஸ் பெட்டியில் வீட்டு டிவி சர்வர்: டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 எஸ்எஃப்எஃப்

சேர்த்து வைத்த படங்களை ஹால் டிவி, ரூம் டிவி, போன் மூன்றிலும் பார்க்க ஒரு ஜெல்லிஃபின் சர்வர் (வீட்டில் உள்ள படங்களை எல்லாத் திரைக்கும் அனுப்பும் இலவச சாஃப்ட்வேர் ஓடும் கம்ப்யூட்டர்) வேண்டும், செலவு 20,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும் என்றால் புதுப் பெட்டி பக்கமே போக வேண்டாம். காந்திபுரத்திலோ திருப்பூரிலோ செகண்ட் ஹேண்டில் வரும் ஆப்டிபிளெக்ஸ் 3060, ஐ3-8100 பிராசஸர், எஸ்எஃப்எஃப் (சின்ன டெஸ்க்டாப்) மாடல் போதும். பாதிப் பணம் பெட்டிக்கு, மீதி அப்படியே டிஸ்குக்கு. பிராசஸரில் காசைக் கொட்டிவிட்டு டிஸ்கில் மிச்சம் பிடிப்பதுதான் பலரும் செய்கிற தப்பு.

ஐ3 தாங்குமா என்ற சந்தேகம் வேண்டாம். டிவியால் ஒரு ஃபைலை நேரடியாகப் படிக்க முடியாதபோது சர்வர் அதை ஓட ஓட மாற்றிக் கொடுக்கும். இன்டெல் சிப்பில் உள்ள குவிக் சிங்க் என்ற தனிப் பகுதி அந்த வேலையைச் செய்வதால் பிராசஸர் கிட்டத்தட்ட சும்மா இருக்கும். ஜெல்லிஃபினில் இந்த வசதி இலவசம், இதே வேலை செய்யும் பிளெக்ஸ் சாஃப்ட்வேரில் காசு கொடுத்து பிளெக்ஸ் பாஸ் வாங்க வேண்டும். இங்கே சிப்பின் தலைமுறைதான் முக்கியம், ஐ3-8100 என்றால் 8-ஆம் தலைமுறை. 10 பிட் ஹெச்இவிசி என்ற வீடியோ ஃபார்மேட்டைக் கையாளும் வசதி 7-ஆம் தலைமுறையில்தான் முழுசாக வந்தது, 6-ஆம் தலைமுறை அதில் திணறிவிடும். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு 8-ஆம் தலைமுறை வேண்டும். அதனால் 7-ஆம் தலைமுறை போட்ட ஆப்டிபிளெக்ஸ் 3050 இன்னும் மலிவாகவே கிடைக்கும். லினக்ஸ் போடப் போகிறவருக்கு அதுவும் நல்ல பெட்டிதான். ஆனால் 3050-இல் 6-ஆம் தலைமுறையும் வந்திருக்கிறது. ஐ3-7100 என்று திரையில் பார்த்த பிறகே காசு கொடுங்கள். கையில் சும்மா கிடக்கும் போர்டில் ஐ5-9400எஃப் மாதிரி எஃப் எழுத்தோடு முடியும் சிப் இருந்தால் பயனில்லை. அதில் கிராஃபிக்ஸே கிடையாது, குவிக் சிங்கும் இருக்காது.

உள்ளங்கை அளவுள்ள மைக்ரோ மாடல் பார்க்க அழகு. ஆனால் அதில் 3.5 இன்ச் டிஸ்க் நுழையாது. யூஎஸ்பி வழியாக டிஸ்கை மாட்டினால் ராத்திரி முழுக்க ஓடும்போது இணைப்பு விட்டு விட்டு வரலாம், ஒரு அடாப்டரும் கூடும். எஸ்எஃப்எஃப்-இல் ஒரு 3.5 இன்ச் டிஸ்க், போர்டிலேயே செருகும் ஒரு எம்.2 எஸ்எஸ்டி, கார்டு செருக இரண்டு அரை உயர ஸ்லாட் எல்லாம் உள்ளேயே இடம் பிடிக்கும்.

கடையிலேயே மூடியைக் கழற்றிப் பாருங்கள். இதில் பவர் சப்ளை சாதாரண ஏடிஎக்ஸ் இல்லை, டெல்லின் சொந்த அளவு. டிஸ்குக்குப் போகும் கரண்டும் போர்டில் இருந்து ஒரு சின்ன ஒயரில்தான் வரும். ஆபீஸ்காரர்கள் டிஸ்கை உருவும்போது அந்த ஒயரும், டிஸ்க் உட்காரும் பிளாஸ்டிக் தொட்டிலும் சேர்ந்தே போயிருக்கும். தனியாகத் தேடினால் அலைச்சல், இரண்டும் இருக்கிற பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியை ஆன் செய்ததும் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (அடிப்படை செட்டிங் திரை) போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். தறி, பனியன் கம்பெனி ஆபீஸ்களில் இருந்து வந்த பெட்டி என்றால் ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் ஹீட் சிங்கைப் பாருங்கள். பஞ்சு மெத்தை மாதிரி அப்பியிருக்கும். பிளோயரால் ஊதி, காய்ந்த தெர்மல் பேஸ்டை மாற்றினாலே சத்தம் குறையும்.

டிஸ்க் மட்டும் புதுசாக இருக்கட்டும். டிஸ்கில் எழுதும் முறை எஸ்எம்ஆரா, சிஎம்ஆரா என்று பார்க்க வேண்டும். எஸ்எம்ஆரில் டிராக்குகள் ஓட்டு அடுக்கியது மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், ஒரு இடத்தில் எழுத வேண்டுமானால் பக்கத்தில் இருப்பதையும் திருப்பி எழுத வேண்டும். நிறைய காப்பி செய்யும்போது அதனால்தான் வேகம் படுத்துவிடுகிறது. டெஸ்க்டாப்புக்கு விற்கும் சீகேட் பாரகுடா 4 டிபி எஸ்எம்ஆர்தான். டபிள்யூடி பர்ப்பிள் 4 டிபி, டிராக்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர். சிசிடிவி டிஸ்க் என்று ஒதுக்க வேண்டாம், நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. ஈரோடு, பொள்ளாச்சி என்று எந்த ஊர் கேமரா கடையிலும் கிடைக்கும். 10 எம்பிபிஎஸ் அளவில் இரண்டு மணி நேரப் படம் 9 ஜிபி, 4 டிபியில் நானூறுக்கு மேல் அடங்கும். சிஸ்டமும் ஜெல்லிஃபினின் தற்காலிக ஃபைல்களும் (கேஷ்) எஸ்எஸ்டியில் இருக்கட்டும், 128 ஜிபி தாராளம்.

ரேம் 8 ஜிபி போதும், ஆனால் ஒரே குச்சியாக வேண்டாம். கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போடுகிறது, 4 ஜிபி இரண்டாகப் போட்டால் டேட்டா இரண்டு வழியாக ஓடி வேகம் கூடும்.

எல்லாவற்றையும் விடக் கவனம் வேண்டியது கரண்ட். டிஸ்கோடு சேர்த்து இந்தப் பெட்டி 25 வாட் இழுக்கிறது என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் 36 யூனிட். ஏற்கெனவே 500 யூனிட் விளிம்பில் இருக்கும் வீடு என்றால் யோசியுங்கள், 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்குக்கும் ரேட் ஏறும். வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ், ஈகோ என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அது யூபிஎஸ் பக்கம் இருக்க வேண்டும். ஈகோவில் பேட்டரிக்கு மாறும் நேரம் அதிகம், கரண்ட் போன நொடியே சர்வர் ரீஸ்டார்ட் ஆகலாம், எழுதிக்கொண்டிருந்த ஃபைலும் கெடலாம். தோட்டத்து வீடுகளில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. போர் மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கினால், யூபிஎஸ் பக்கம் இருக்கிற இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். தண்ணி பாய்கிற நேரம் பூராவும் பேட்டரி காலியாகும். அப்படிப்பட்ட வீட்டில் இன்வெர்ட்டரை ஈகோவிலேயே விட்டுவிட்டு சர்வருக்கென்று தனியாக 600 விஏ யூபிஎஸ் வைப்பதுதான் சரி. பயாஸில் ஏசி ரெகவரியை பவர் ஆன் என்று மாற்றினால் கரண்ட் திரும்பியதும் தானே எழும்.

சிஸ்டமாக டெபியன் என்ற லினக்ஸைப் போடுங்கள். ஜெல்லிஃபின் யூசரை, கிராஃபிக்ஸைப் பயன்படுத்த அனுமதி தரும் ரெண்டர் குழுவில் சேர்க்காவிட்டால் குவிக் சிங்க் வேலை செய்யாது, மாற்றிக் கொடுக்க வேண்டிய படம் ஓடாது. நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட்டையும் சர்வரில் ஏற்றுங்கள். சப்டைட்டிலைப் படத்தோடு சேர்த்து அச்சடிக்கும்போது ஃபான்ட் இல்லையென்றால் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும்.

டிவி சேனலும் ரெக்கார்ட் ஆக வேண்டுமா, காலி ஸ்லாட்டில் சாட்டிலைட் சிக்னலை வாங்கும் ஒரு டிவிபி-எஸ்2 டியூனர் கார்டு, ரெக்கார்ட் செய்ய டிவிஹெட்எண்ட் சாஃப்ட்வேர், 93.5 டிகிரி கிழக்கில் ஜிசாட்-15 சாட்டிலைட்டைப் பார்த்த தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் தட்டு போதும். டிடி தமிழ் உட்பட பூட்டில்லாத சேனல்கள் மட்டும் வரும். கார்டு வாங்கும்போது அரை உயர பிராக்கெட் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள், முழு உயரக் கார்டு இந்தப் பெட்டியில் மூடாது.

ஏவி1 என்ற புது வீடியோ ஃபார்மேட் ஃபைல்கள் நிறைய வைத்திருப்பவருக்கு மட்டும் இந்தப் பெட்டி ஒத்துவராது, இதன் கிராஃபிக்ஸுக்கு அது தெரியாது. அவர்கள் இன்டெல் என்100 சிப் போட்ட மினி பெட்டிக்குப் போகலாம், டிஸ்கை வெளியே தொங்கவிட மனசிருந்தால்.