ஸ்ட்ரோம்போலி எரிமலை 'உச்சி வரை' டூரா? காசு கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

190 யூரோ. ஆளுக்கு 95 வீதம் எனக்கும் என் தம்பிக்கும். இன்னும் கோபம் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிசிலிக்கு வடக்கே இருக்கிற ஸ்ட்ரோம்போலித் தீவுக்குப் போய், சூரிய அஸ்தமன நேரத்தில் எரிமலை ஏற ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் மலை விஷயம். உயரம் 924 மீட்டர். உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற வாய்களிலிருந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை நெருப்பு பீறிடும். நூற்றாண்டுக் கணக்காக இப்படித்தான், அதனால்தான் மாலுமிகள் இதை மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்றார்கள். முன்பெல்லாம் வழிகாட்டியோடு சாயங்காலம் ஏறி, உச்சியில் நின்றபடி அந்த வாய்களைக் கீழே குனிந்து பார்க்க முடிந்தது. 2019 ஜூலை 3 அன்று வழக்கமான சின்ன வெடிப்புகளைப் போல இல்லாமல் மலை பயங்கரமாக வெடித்தது. நடந்துகொண்டிருந்த ஒருவர் இறந்துபோனார். ஆகஸ்ட் 28 அன்று மறுபடியும் ஒன்று. அத்தோடு உச்சியை மூடிவிட்டார்கள். நாங்கள் போன சமயத்தில் இருந்த விதி இதுதான்: 290 மீட்டர் வரை யார் வேண்டுமானாலும் தானாக நடந்து போகலாம். அதற்கு மேல் 400 மீட்டர் வரை, அனுமதி பெற்ற வழிகாட்டியோடு மட்டும். 400க்கு மேல் சுற்றுலாக்காரர் எவருக்கும் வழி கிடையாது.

இந்த மூன்று வரி அந்த டூர் பக்கத்தில் எங்கேயும் இல்லை. உலகம் முழுக்க டூர் டிக்கெட் விற்கிற பெரிய முன்பதிவுத் தளம் அது. தலைப்பிலேயே 'உச்சி வரை அஸ்தமன நடை'. சிவப்பாகக் கொதிக்கிற எரிமலை வாயை மேலிருந்து எடுத்த படம். ஹெல்மெட், டார்ச், அனுமதி பெற்ற வழிகாட்டி எல்லாம் கட்டணத்தில் அடக்கம் என்று பச்சை டிக் வேறு.

பணம் கட்டுவதற்கு முன் நான் எழுதியே கேட்டேன். "நிஜமாகவே உச்சிக்குப் போகிறோமா? மூடியிருக்கிறது என்று ஒருவர் சொன்னார்." சில நிமிடங்களில் பதில் வந்தது. "கவலையே வேண்டாம் மேடம், உச்சிதான். அதெல்லாம் தனியாக வருகிறவர்களுக்கு உள்ள கட்டுப்பாடு. எங்கள் வழிகாட்டி தீவிலேயே பிறந்தவர், மலையோடு பேசிப் பழகியவர்." கூடவே ஒரு குரல் பதிவு. வயதான மனிதர் போன்ற கனிவான குரல், பின்னணியில் அலைச்சத்தம். நல்ல காலணி போட்டு வாருங்கள், மேலே குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் அக்கறையாகச் சொன்னார். அந்த ஸ்வெட்டர் பேச்சில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. உடனே கார்டை எடுத்தேன். 190 யூரோ.

சான் வின்சென்சோ தேவாலயத்துக்கு முன்னால் இருக்கிற சதுக்கத்தில்தான் எல்லா குழுக்களும் கூடும். ஒவ்வொரு குழுவாகக் கிளம்பிப் போனது. நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். வெயில் சாயத் தொடங்கிய பிறகு ஒரு பையன் வந்தான். அரை டிரவுசர், கான்வாஸ் ஷூ, கழுத்தில் அட்டை எதுவும் இல்லை. "ஹெல்மெட்?" என்று கேட்டேன். "மேலே இருக்கிறது" என்றான். தம்பி என் காதில், "அக்கா, மலை மேல யாரு குடோன் வச்சிருக்கா?" என்றான். அந்த நிமிஷமே திரும்பியிருப்போம், ஆனால் குரல் பதிவுக்காரருக்குப் போன் போட்டால், "அவன் என் மருமகன், நான் மேலே காத்திருக்கிறேன்" என்று அதே கனிவோடு சொல்கிறார்.

பிஷித்தா வழியாக பூந்தா லப்ரொன்சோ வரை நடந்து, அங்கிருந்து கழுதைப் பாதையில் ஏற்றம். ஒரு வார்த்தை பேசவில்லை அவன். போனைப் பார்த்துக்கொண்டே முன்னால் போனான். ஓர் அறிவிப்புப் பலகை வந்ததும் நின்றான். "இதுதான். இன்றைக்கு மலையின் மூட் சரியில்லை, இதற்கு மேல் ஆபத்து." பலகையைப் படித்தேன். 290 மீட்டர். வழிகாட்டி இல்லாமல் இதைத் தாண்டக் கூடாது என்று போட்டிருந்தது.

மலைக்கு மூட் சரியில்லையாம்! நாங்கள் நிற்கும்போதே இன்னொரு குழு எங்களைத் தாண்டி மேலே போனது, எல்லோர் தலையிலும் ஹெல்மெட். முன்னால் போன வழிகாட்டி அம்மா பலகைக்கு இந்தப் பக்கமே எல்லோரையும் நிறுத்தினார். ஒவ்வொருவர் தாடைக்குக் கீழேயும் விரல் விட்டு, வார் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஓர் அடி எடுத்து வைக்கவிட்டார். எங்கள் பையனிடம் இத்தாலிய மொழியில் என்னவோ கேட்டார். அவன் போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு கீழே இறங்கியவன்தான், அப்புறம் ஆளையே காணோம். அந்த அம்மாதான் எங்களுக்கு விதியைச் சொன்னார். உச்சி 2019லிருந்து மூடியிருக்கிறது, தானும் 400 வரைதான் போவேன் என்றார். எங்களைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு மனசு இருந்தது, ஆனால் குழுவுக்கு இத்தனை பேர் என்று கணக்கு இருக்கிறதாம்.

ஆக, அன்றைக்கு மலை மூடவில்லை. வருஷக்கணக்காக மூடிக் கிடக்கிற உச்சியை எங்களிடம் விற்றிருக்கிறார்கள். நீதிமன்றம் சீல் வைத்த வீட்டைக் காட்டி அட்வான்ஸ் வாங்குகிற ஆட்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

மலையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இருட்டிய பிறகு, வந்ததற்கு அதுவாவது இருக்கட்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். முதலில் நெருப்பு மேலே எழும்புவது தெரியும், ஒரு மூச்சு விட்ட பிறகுதான் சத்தம் வந்து நெஞ்சில் இடிக்கும். ஷாரா தெல் ஃபுவோக்கோ சரிவில் சிவந்த கற்கள் உருண்டு, உருள உருளக் கறுத்து, கடல் பக்கம் போகும். இதெல்லாம் இலவசமாகக் கிடைக்கிற காட்சி, இதற்கு 190 யூரோ! இறங்கும்போது டார்ச் இல்லை, தம்பியின் போன் வெளிச்சம் மட்டும். ஊருக்குள்ளும் தெருவிளக்கு கிடையாது. நான் இரண்டு இடத்தில் வழுக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்த கூத்து தனி. குரல் பதிவுக்காரர் முதலில், "இயற்கை நம் கையில் இல்லை மேடம்" என்றார். 2019 என்று எழுதியதும் பதில் நின்றது. அப்புறம் முகப்புப் படமும் காணாமல் போனது. தளத்தின் கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் வேறு ஒரு பெயர், அதே வாக்கியம்: "நீங்கள் நடையில் கலந்துகொண்டதாக எங்கள் பங்காளர் உறுதி செய்துள்ளார்." கலந்துகொண்டேன்தான் ஐயா, உச்சி எங்கே? "பாதுகாப்புக் காரணங்களால் பாதை மாறலாம் என்று நிபந்தனையில் உள்ளது." வழிகாட்டியே இல்லையே? "உங்கள் கருத்துக்கு நன்றி." கடைசியில் அடுத்த டூருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். 190 யூரோவை விழுங்கிவிட்டு, இன்னும் கொண்டு வா என்கிறார்கள். நான் எழுதிய விமர்சனம் 'விதிகளுக்கு உட்படவில்லை' என்று வெளிவரவே இல்லை. அந்தப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் மட்டும் ஏன் மின்னுகிறது என்பது இப்போது புரிகிறது. 'உச்சி வரை' தலைப்பு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

இப்போது வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். சொன்ன சேவை தரப்படவில்லை என்ற பிரிவில். பலகைக்குப் பக்கத்தில் தம்பி எடுத்த படமும், "உச்சிதான்" என்ற அந்தப் பதிலின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருப்பதால் நம்பிக்கை இருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், தலை வலிக்கிறது, சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். உச்சி என்று எவன் சொன்னாலும் பொய். எத்தனை மீட்டர் வரை அனுமதி என்பது மலையின் நிலையைப் பொறுத்து மாறும், ஸ்ட்ரோம்போலி லிப்பாரி நகராட்சிக்குள் வருகிறது, போகிற வாரத்தில் அவர்களுடைய உத்தரவைப் பாருங்கள். சதுக்கத்திலேயே வழிகாட்டியின் அட்டையைக் கேளுங்கள், ஹெல்மெட் தலையில் ஏறாமல் நகராதீர்கள். பேசியதை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தளத்தின் பெயரை என்னிடம் கேட்காதீர்கள், வங்கியில் புகார் முடிகிற வரை சொல்வதாக இல்லை.