கணினிக்கு மாற்று ஸ்பீக்கர்: ஐயாயிரம் ரூபாய்க்குள் நான்கு வழிகள்

ஐயாயிரம் ரூபாய்க்குள் கணினி ஸ்பீக்கரை மாற்ற நினைப்பவருக்கு இன்று நான்கு வழிகள் உண்டு: யூஎஸ்பி மின்சாரத்தில் இயங்கும் சிறிய ஜோடி, தனி பாஸ் பெட்டியுடன் வரும் 2.1 செட், ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் சுற்று) உள்ளேயே பொருத்தப்பட்ட, தனி பாஸ் பெட்டி இல்லாத மரப்பெட்டி 2.0 ஜோடி, பழைய மியூசிக் சிஸ்டத்தின் பெட்டிகளைத் தனி ஆம்புடன் இணைத்துக்கொள்வது. பல ஆண்டுகள் உழைத்த என் 2.1 செட் நின்றுபோன பிறகு இவற்றை எடைபோட்டு, நான்காவது வழியில் போனவன் நான். ஆகவே என் சாய்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சவுண்ட்பாரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, கடையில் நின்று கேட்டதற்கு மேல் அதனோடு எனக்குப் பழக்கமில்லை.

வாட் கணக்கை விரைவாகக் கடந்துவிடலாம். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் பிஎம்பிஓ (கணநேர உச்சத் திறன்) எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை; ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய திறன்) என்று குறித்திருப்பதை மட்டும் பார்த்தால் போதும். அதிலும்கூட, மேசையில் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு ஒரு வாட்டே தாராளம். 85 டெசிபல் உணர்திறன் உள்ள சாதாரணப் பெட்டி, ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்துக்கு 85 டெசிபல் ஒலியைத் தந்துவிடும். அதற்கு மேல் ஏற்றினால் பக்கத்து அறையிலிருந்து புகார் வரும்.

யூஎஸ்பி ஜோடிகளின் எல்லையை, அவற்றைச் செருகும் கணினித் துளையே வகுத்துவிடுகிறது. யூஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், அதாவது இரண்டரை வாட் தரும், 3.0 என்றால் நாலரை வாட். கிரியேட்டிவ் பெபிள் போன்றவை இந்தச் சிறிய வரவுக்குள் நேர்த்தியாகக் குடும்பம் நடத்துகின்றன. அதன் 2 அங்குலக் கூம்புகள் 45 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஒலி மேசைப்பலகையில் மோதாமல் நேரே காதுக்கு வருகிறது. பேச்சு, செய்தி, இணையவழி வகுப்பு ஆகியவற்றுக்கு இதற்கு மேல் தேவையில்லை. ஆனால் அந்த அளவுக் கூம்பிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது ஆழ்ந்த பாஸ் பகுதியில், சொல்லும்படியாக எதுவும் எழாது என்பதால், மிருதங்கத்தின் இடப்புறத் தொப்பி ஒலி வெறும் தட்டலாகச் சுருங்கிவிடும். பழுது என்று வந்தால், பெரும்பாலும் கம்பி முறிந்துதான் வரும். கம்பி பெட்டிக்குள்ளேயே பற்றவைக்கப்பட்டிருக்க, பெட்டி பசையால் ஒட்டப்பட்டிருந்தால், திறப்பதற்குள் ஓடு உடைந்துவிடும்.

எனக்கு இந்தத் தேர்வைத் தீர்மானித்துக் கொடுத்தது ஒலித்தரம் அன்று, பழுது பார்க்கும் வசதியே. ஒரு ஸ்பீக்கர் செட்டில் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. கூம்பும் காந்தமும் பெட்டியும் இருபது ஆண்டுகள்கூடத் தாங்கும். ஆம்ப் பலகையில் மின்னைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களும், வால்யூம் திருகியின் கரித்தடமும், புளூடூத் பலகையும் அதற்கு வெகு முன்பே கைவிடும். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதலில் சாகும் பாகத்தை மட்டும் தனியே மாற்ற முடியுமா?

2.1 செட் இந்தக் கேள்வியில்தான் தோற்கிறது. மூன்று பெட்டிகள் இருந்தாலும் டிரான்ஸ்பார்மர், ஆம்ப், ஒலியைப் பிரிக்கும் சுற்று அத்தனையும் பாஸ் பெட்டிக்குள் அடைந்து கிடக்கின்றன. காற்றோட்டமில்லாத அந்தப் பெட்டிக்குள் வெப்பம் தங்குகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. போதாததற்குப் பாஸ் கூம்பின் அதிர்வு ஒவ்வொரு பற்றவைப்பையும் உலுக்கிக்கொண்டே இருக்கிறது. இதிலும் ஐசி, அதாவது ஆம்பின் சில்லு, போவது பெரிய சிக்கல் அன்று. டிடிஏ2030 போன்ற ஐசிக்கள் சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, பல சிறு நகரங்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் கிடைக்கும். என் செட்டிலும் ஒருமுறை ஐசியை மாற்றி ஓட்டினேன். பிறகு கெட்டது, வால்யூமும் இணைப்புத் தேர்வும் சேர்ந்திருந்த கட்டுப்பாட்டுப் பலகை. அது அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்டது, இணைப்பானும் தனிவகைப் பல்முனை. மாற்றுப் பலகை எங்கும் கிடைக்கவில்லை. மூன்று கூம்புகளும் நல்ல நிலையில் இருக்கும்போதே செட் முழுவதும் பழைய சாமான் கணக்கில் சேர்ந்தது.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் இரும்புக் கருவுள்ள டிரான்ஸ்பார்மர் உறுமத் தொடங்கும். பாட்டே இல்லாத நேரத்திலும் பாஸ் பெட்டியிலிருந்து ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டிருக்கும். இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: திரைப்படத்துக்கும் விளையாட்டுக்கும், இதே விலையில் 2.1 தரும் அதிர்வை மற்ற மூன்றும் தருவதில்லை.

மரப்பெட்டி 2.0 ஜோடி, ஆயத்தமாக வாங்கக்கூடியவற்றில் சிறந்தது. எடிஃபையர் ஆர்1280டி இவ்வகைக்கு நன்கு அறியப்பட்ட சான்று: தாழ்ந்த ஒலிக்கு 4 அங்குல வூஃபர், உச்ச ஒலிக்கு 13 மில்லிமீட்டர் ட்வீட்டர், பக்கத்துக்கு 21 வாட், கம்பியைச் செருக இரண்டு ஆர்சிஏ உள்ளீடுகள். அது பெரும்பாலும் நம் வரம்பைத் தாண்டிவிடும், ஆனால் அதன் தம்பிகளும் உள்ளூர்ப் பெயர்களில் வரும் உறவினர்களும் வரம்புக்குள் அகப்படுவார்கள். இவற்றில் ஆம்ப் ஒரு பெட்டிக்குள் மட்டுமே இருக்கும். மற்றதற்குச் செல்வது வெறும் இரட்டைக் கம்பி. ஆம்ப் முற்றாகப் போனாலும் உள்ளிருக்கும் பலகையைக் கழற்றிவிட்டு, இரண்டையும் வெறும் பெட்டிகளாக வேறொரு ஆம்பில் பொருத்திக்கொள்ளலாம். அதாவது, இந்த மூன்றாவது வழி பழுதான நாளில் நான்காவது வழியாக மாறிவிடுகிறது.

அந்த நாள் வரை காத்திருக்காமல் முதலிலேயே ஆம்பையும் பெட்டியையும் பிரித்து வைப்பதுதான் என் தேர்வு. சிடியும் கேசட்டும் போடும் மினி சிஸ்டங்கள் வழக்கொழிந்தபின் அவற்றின் பெட்டிகள் பழைய பொருள் கடைகளில் தேங்கிக் கிடக்கின்றன. ஒரு ஜோடியை 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும்போது கூம்பின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும்: ரப்பர் விளிம்பானால் நல்லது, ஃபோம் விளிம்பு பழசானால் தொட்டதும் உதிரும். கூம்பை மெதுவாக உள்ளே தள்ளும்போது உரசல் கேட்டால், கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் கோணியிருக்கிறது என்று பொருள். பின்புறம் ஒட்டிய தாளில் 6 ஓம் அல்லது 8 ஓம் என்றிருக்க வேண்டும். ஒரு 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு முனையிலும் எதிர்முனையை மற்ற முனையிலும் ஒரு கணம் தொட்டால் இரு பெட்டிகளின் வூஃபர்களும் ஒரே திசையில் நகர வேண்டும். எதிரெதிரே நகர்ந்தால் ஏதோ ஒன்றில் கம்பி மாறியிருக்கிறது, அப்படியே இணைத்தால் பாஸ் காணாமல் போகும்.

ஆம்புக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116டி2 சில்லு கொண்ட சிறு பலகை ஒன்றை, அதன் மேலுறையோடு 900 ரூபாய்க்கு எடுத்தேன். 21 வோல்ட்டில் 4 ஓம் பெட்டிக்குப் பக்கத்துக்கு 50 வாட் தரும் சில்லு அது. என்னிடம் சும்மா கிடந்த 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரில் 6 ஓம் பெட்டிக்கு 25 வாட் அளவில் சுத்தமாகக் கிடைக்கும் என்பது கணக்கு. போலிச் சில்லுகளும் சந்தையில் உலவுகின்றன என்பதால், வாங்கும் இடத்திலேயே இயக்கிக் கேட்டுவிடுவது நல்லது. அடாப்டர் போனால் வேறு அடாப்டர், பலகை போனால் வேறு பலகை, எதைத் தொட்டாலும் மற்றவை அப்படியே இருக்கும். வாய்ஸ் காயில் எரிந்தால்கூட, கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும் சவுண்ட் சர்வீஸ்காரர்களை விசாரித்தால் காயில் கட்டித்தருபவரைக் காட்டுவார்கள். பிளாஸ்டிக் யூஎஸ்பி ஜோடியை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போக முடியாது.

இதில் தொல்லைகளும் உண்டு. மேசைக்கடியில் கம்பிகள் கூடும், பெட்டிகள் இடத்தை அடைக்கும், ஆம்பை இயக்கும்போது சில பலகைகளில் ‘டப்’ என்றொரு ஓசை எழும். மூன்று முனை அடாப்டர் ஆம்புக்கும் கணினிக்கும் தனித்தனியே எர்த் கொடுப்பதால் இரைச்சல் கிளம்பக்கூடும். எர்த் முனையை வெட்டிவிடும்படி அறிவுரை சொல்பவர்கள் உண்டு; அதைச் செய்யக் கூடாது. இரு முனை அடாப்டருக்கு மாறலாம், அல்லது 3.5 மில்லிமீட்டர் கம்பிக்கு நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு டிரான்ஸ்பார்மர் குழலை மாட்டலாம். எனக்கு இரண்டாவது வழியிலேயே இரைச்சல் அடங்கியது. இந்தப் பலகை பத்தாண்டு ஓடுமா என்று என் பழக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது, அதற்குப் போதுமான காலம் ஆகவில்லை. ஆனால் அது போனால் இழப்பு 900 ரூபாய்தான்.

கம்பியைத் தொடவே விருப்பமில்லாதவர் மரப்பெட்டி 2.0 ஜோடியை வாங்கலாம். அதிலும் இரு பெட்டிகளையும் இணைக்கும் கம்பி, சாதாரண அழுத்து முனைகளில் செருகிக் கழற்றும்படி இருக்கிறதா, வால்யூம் திருகி பெட்டியிலேயே இருக்கிறதா, அல்லது ரிமோட் தொலைந்தால் ஒலியைக் கூட்டவே வழியில்லையா என்பதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். விடுதி அறையிலோ அடிக்கடி மாற்றலாகும் வேலையிலோ இருப்பவருக்கு யூஎஸ்பி ஜோடியே சரி, பைக்குள் அடங்கிவிடும்.